பொதுமண்டபம் யாருடையது?

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர் ஒருவர், இளைப்பாறிய எழுதுவினைஞர், ஸ்கந்தபுரம்)



இவ்வருட மலருக்கு எமது பொதுமண்டபத்தின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டுக்கொண்டனர். எழுதுவினைஞனாக இருந்து இளைப்பாறியவன் என்பதால் பழைய கடதாசிகள் என்னிடம் இருக்கும் என்று எண்ணினார்கள் போலும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாம் இவ்விடத்தை விட்டுப் புறப்பட்டபோது, உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூடையும் பிள்ளைகளும் வயோதிபரும் ஏறிய பின் எஞ்சிய இடம் தண்ணீர்க் கானுக்குத்தான் காணுமாயிருந்தது. கூட்டக் குறிப்புப் புத்தகங்களை யார் ஏற்றுவார்? அத்திவாரம் இட்ட திகதியும் தலைவர், செயலாளர் வரிசையும் இம்மலரில் தனியாக வருவதாக அறிகிறேன். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, மண்டபத்தின் வரலாற்றோடு கூடவே வந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இது யாருடையது?

இக்கேள்வி வெறும் வாய்ப்பேச்சு அல்ல. வெளிநாட்டில் வாழும் எம்மவர் சிலர் மண்டபத்தைப் பெருப்பித்துக் கட்டித் தந்து, தம் குடும்பப் பெரியவர் ஒருவரின் பெயரைச் சூட்ட விரும்புகிறார்கள். மண்டபத்தை ஆலயத்தின் கீழ் கொண்டுவந்தால் ஒழுங்காக நடக்கும் என்று உள்ளூரில் சிலர் சொல்கிறார்கள். வாடகையைக் கூட்டினால் அது தன் காலில் நிற்கும் என்பது இளந்தலைமுறையினரின் எண்ணம். மூன்று பேச்சிலும் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் அடியில் மண்டபம் யாருடையது என்பதற்கு ஒரு விடை ஒளிந்திருக்கிறது. அந்த விடையைத்தான் பார்க்க வேண்டும்.

சைவர்களாகிய எமக்குப் பொதுவிடம் என்பது புதிய சொல் அல்ல. தில்லையில் பெருமான் ஆடும் இடத்துக்கு அம்பலம் என்று பெயர். மன்று என்றும் சொல்வோம், பொது என்றும் சொல்வோம். இம்மூன்று சொல்லுக்கும் ஊரார் கூடும் இடம் என்ற பொருள் உண்டு. ஆண்டவனுக்கு மூலஸ்தானத்தைக் கொடுத்த நாமே, அவன் ஆடுவதற்கு ஊர்க்கூடத்தைக் கொடுத்தோம் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். ஆனால் அதே அம்பலத்தை வைத்து எமது முன்னோர் இன்னொரு பழமொழியும் சொல்லியிருக்கிறார்கள்: ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஒரு ஊர்க்கூடத்தை அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி என்பதல்ல கணக்கு. யாருடைய சொல் அதில் ஏறுகிறது, யாருடைய சொல் படியோடு நிற்கிறது என்பதே கணக்கு.

எமது பகுதியில் கிராமம் என்பது குளத்தை நம்பிப் பிறந்தது. குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதிகளிலிருந்தும் காணி கிடைத்து வந்தவர்கள், 1958ஆம், 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் உயிர் தப்பி வந்தவர்கள் என்று வன்னிக் குடியேற்றங்களில் பல திசைச் சனமும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய ஊர்களில் உறவு முதலில் இருந்தது, மண்டபம் பின்னால் வந்தது. இங்கே அது மறுவளமாக நடந்தது. முன்பின் அறியாதவர்கள் ஒருவரை ஒருவர் அண்ணை, மாமா, அக்கா என்று முறை வைத்து அழைப்பதற்கே ஓர் இடம் தேவைப்பட்டது. அப்படித்தான் இப்பகுதி மண்டபங்கள் பலவும் காட்டுத்தடியும் கிடுகும் கொண்ட கொட்டில்களாகத் தொடங்கின. சிரமதானம் என்றால் வசதியுள்ளவர் மரம் கொடுப்பார், வண்டில் உள்ளவர் மணல் ஏற்றுவார், ஒன்றும் இல்லாதவர் குளத்திலிருந்து தண்ணீர் சுமப்பார். பெண்கள் கஞ்சி காய்ச்சுவார்கள். கல்வெட்டு வைக்கும்போது மரம் கொடுத்தவரின் பெயர் வரும். தண்ணீர் சுமந்தவரின் பெயரும் கஞ்சி காய்ச்சியவரின் பெயரும் எந்தக் கல்லிலும் வந்ததை நான் கண்டதில்லை.

காலையில் முன்பள்ளி, பின்னேரம் பத்திரிகை வாசிப்பு, மாதத்தில் ஒரு நாள் குடும்பநல உத்தியோகத்தர் வந்து குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பது, தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி, நாள் வந்தால் கலியாணம். எல்லாவற்றிலும் முக்கியமானது போகக் கூட்டம். காலபோகத்துக்கு மழை இருக்கும். சிறுபோகத்துக்கோ குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஒருவருக்கு எவ்வளவு என்று பங்கிட வேண்டும். தலைவாய்க்கால்காரருக்கும் கடைவாய்க்கால்காரருக்கும் இடையில் வரும் வாக்குவாதத்தைக் கேட்டவர்கள், மண்டபம் ஏன் நாலு பக்கமும் திறந்திருந்தால் நல்லது என்பதை அறிவார்கள்.

சட்டத்தைக் கேட்டால் என்ன சொல்லும்? காணி பெரும்பாலும் அரச காணி. கட்டடத்தைக் கிராம அபிவிருத்திச் சங்கம் பராமரிக்கும். அது ஒரு திணைக்களத்தில் பதிவு. சனசமூக நிலையம் பிரதேச சபையில் பதிவு. ஒரே கூரையின் கீழ் மூன்று கோவை. ஒரு ஓடு உடைந்தால் எந்தக் கோவையில் கடிதம் வைப்பது என்று தெரியாமல் அந்த ஓட்டால் இரண்டு மாரி ஒழுகும். முப்பது வருடத்துக்கு மேல் கோவைகளோடு வாழ்ந்தவன் என்ற வகையில் சொல்கிறேன், கோவை ஒரு பொருள் எங்கே பதியப்பட்டது என்று சொல்லும். யாருக்காக என்று சொல்லாது.

கொடுத்தவருக்குரியது என்ற விடையை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்ற ஊர் உண்டு. அங்கு ஊர்ச்சபை கூடிய மண்டபம் பின்னாளில் வைகுண்டப் பெருமாள் கோயிலாக இருக்கிறது. அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு, 919ஆம், 921ஆம் ஆண்டுக்குரியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறையை அவை சொல்கின்றன. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்க்கத் தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள். எழுதுவினைஞனாகிய எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் இடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் தன் பொதுமண்டபச் சுவரில் கல்லில் வெட்டிவைத்த சங்கதி இது. அந்த மண்டபத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்று இன்று எவரும் கேட்பதில்லை. கணக்குக் காட்டாதவன் கிட்ட வரக்கூடாது என்ற விதிக்காகவே உலகம் அதைப் பார்க்கப் போகிறது.

அதே கல்வெட்டின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவரின் பெயரே குடத்துக்குள் போனது. வேதம் கற்றிருக்கவும் வேண்டும். நிலமில்லாதவர், பெண்கள், ஊருக்கு வெளியே குடியிருந்து அந்த ஏரியைத் தூர்வாரியவர் எவர் பெயரும் அந்த ஓலையில் இல்லை. பொது என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வேலி இருந்தது. அது சோழர் காலத்தோடு போய்விட்டதா? எமது நாட்டில் 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து, பொது இடத்தில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று எழுத வேண்டியிருந்தது. அச்சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியும் வந்தது. சில ஊர்களில் கூப்பிடு தூரத்தில் இரண்டு மூன்று வாசிகசாலைகள் இருந்ததற்கு வாசகர் பெருக்கம்தான் காரணம் என்று நாம் யாரும் நம்புவதில்லை. வன்னியில் இது குறைவு என்று பெருமைப்படுகிறோம். குறைவு என்பது உண்மை, இல்லை என்று சொல்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இதற்கு எதிர்மாறான ஒரு கட்டடம் பருத்தித்துறையில் இருக்கிறது. தெருமூடி மடம் என்று சொல்வார்கள். பெயரே அதன் அமைப்பைச் சொல்லிவிடும். தெருவின் இரு பக்கமும் திண்ணை, தூண்கள், மேலே கூரை. நடுவால் தெரு போகிறது. வழிப்போக்கன் அந்த மடத்துக்குள் போகத் தேவையில்லை, அவன் நடந்த வழியிலேயே மடம் வந்து நிற்கிறது. அதற்குப் பூட்டு இல்லை, ஏனென்றால் கதவே இல்லை. சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல், வழிக்கிணறு என்று எமது முன்னோர் வைத்த தர்மங்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இன்னார் வருவார் என்று அறிந்து வைத்தவை அல்ல. மாடு வந்து முதுகு உரஞ்சும் கல்லிலே மாட்டுக்காரனின் பெயரைக் கேட்பவர் யார்?

இவ்வகைத் தர்மத்தை நாமும் ஒரு முறை செய்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பியது. 1996 ஏப்ரிலின் பின் தென்மராட்சியில் தங்கியிருந்தவர்களில் பெருந்தொகையானோர் கடல் கடந்து வன்னிக்கு வந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனபோது நகரத்துச் சனமும் எமது பக்கம் வந்தது. கிளிநொச்சி வைத்தியசாலை அக்கராயனில் இயங்கியது. பள்ளிக்கூடங்கள் காலையில் ஒன்று, பின்னேரத்தில் ஒன்று என்று ஒரே கட்டடத்தில் நடந்தன. கோயில் மண்டபம், சங்கக் கட்டடம், நெற்களஞ்சியம், மரநிழல் எல்லாம் சனம். சேலையைக் கட்டி மறைத்த இடம் ஒரு குடும்பத்துக்கு வீடு. அவர்களில் எவரும் எமது மண்டபத்துக்கு ஒரு கிடுகு கொடுத்தவர் அல்லர், ஒரு ரூபா சந்தா கட்டியவர் அல்லர். ஆனாலும் மண்டபம் கட்டப்பட்ட நாளிலிருந்து அதனுடைய வேலையை அது முழுமையாகச் செய்தது அந்த மாதங்களில்தான் என்பது என் துணிபு. பங்களிப்பே உரிமை என்றால் அன்று அவர்களை வெளியே மழையில் நிறுத்தியிருக்க வேண்டும்.

இனிச் சற்றுச் சங்கடமான ஒரு கேள்விக்கு வருகிறேன். 2008இல் நாம் புறப்பட்டபோது வீட்டுக் கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போனதை அனைவரும் அறிவர். போகும் இடத்தில் அதுதான் கூரை. வீட்டுத் தகரம் அவரவருடையது; அதில் பேச்சில்லை. ஆனால் தன் வீடு ஓலை வீடு, கழற்றத் தகரமில்லை, கையில் சிறு பிள்ளைகள். அப்படியொருவர் பொதுமண்டபத்துத் தகரத்தில் நான்கைக் கழற்றிக்கொண்டு போனால் அவர் கள்ளரா?

நான் இதை எனக்குத் தெரிந்த பலரிடம் கேட்டுப் பார்த்தேன். பொதுச் சொத்து, தொடக்கூடாது என்றார் ஒருவர். விட்டுவிட்டு வந்ததை எவனோ எடுக்கத்தானே போகிறான், எம்மவன் எடுத்தால் என்ன என்றார் இன்னொருவர். இரண்டாவது பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாக் கொள்ளையும் இந்த வாதத்தோடுதான் தொடங்குகிறது. முதற் பேச்சும் சரியாகப் படவில்லை. மழையில் பிள்ளை நனையும்போது ஆளில்லாத ஊரில் ஆளில்லாத மண்டபத்தை மூடியிருக்கும் தகரம் யாருக்குப் பொது? அந்தத் தகரம் ஒதுங்க இடமில்லாதவருக்கு நிழல் கொடுப்பதற்காகவே ஊரால் போடப்பட்டது. தருமபுரத்திலோ விசுவமடுவிலோ ஒரு குழந்தைக்கு மேல் இருந்தபோதும் அது எமது மண்டபத்துக் கூரையாகத்தான் இருந்தது என்பேன்.

அத்தோடு கதை முடியவில்லை. அவர் தேவை தீர்ந்த பிறகு அதே தகரத்தை விற்றிருந்தால், அல்லது திரும்பி வந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டிருந்தால்? அப்போது நிலைமை வேறு. எடுத்ததில் பிழையில்லாத ஒருவர் வைத்திருப்பதால் பிழைகாரராகலாம். தகரம் அதே தகரம்தான். மாறியது அதன் கீழ் இருப்பவரின் தேவை. பொதுப் பொருளின் உரிமை தேவையோடு வந்து தேவையோடு போவது. உறுதிக் காணி போலப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. எடுத்துப் போனவர் நாலு தகரம் என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது என்று என்னுள் இருக்கும் எழுதுவினைஞன் சொல்கிறான். ஆனால் செல் விழும் இடத்தில் பதிவேடு கேட்பது அளவு மிஞ்சின பேச்சு என்றும் அவனுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது வன்னியெங்கும் கூரையில்லாத சுவர்கள். நிவாரணப் பதிவுக்கும் கூட்டத்துக்கும் சனம் அந்தச் சுவரடியில், மர நிழலில் கூடியது. மண்டபம் இல்லாத இடத்தை ‘மண்டபத்தடி’ என்றே சொன்னார்கள். ஸ்பெயின் தேசத்தில் வலன்சியா என்ற நகரில் வயல் வாய்க்கால்களின் பிரதிநிதிகள் வியாழக்கிழமைதோறும் பேராலயத்தின் வாசலில் கூடித் தண்ணீர்ப் பிணக்குகளைத் தீர்க்கிறார்கள். வழக்கறிஞர் இல்லை, எழுத்து வழக்கு இல்லை, எல்லாம் வாய்மொழி. பல நூற்றாண்டு கண்ட அந்த நீர்மன்றத்தை 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டுப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. அவர்களுக்குத் தனி மண்டபம் கிடையாது, ஒரு வாசற்படிதான். எமது சிறுபோகக் கூட்டத்தை அவர்கள் பார்த்தால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

ஆலயத்தோடு சேர்ப்பது பற்றிச் சொல்ல வேண்டும். சிவன் சொத்துக் குலநாசம் என்ற பயத்தினால் கோயில் சொத்தைத் தொட அஞ்சுகிறோம், ஊர்ச் சொத்தைத் தொட அஞ்சுவதில்லை. ஆகவே ஊர்ச் சொத்தையும் சிவன் சொத்தாக்கிவிடுவோம் என்பதே அவர்களின் நியாயம். பயம் நல்ல காவற்காரன்தான். ஆனால் கோயிற் பூனை தேவருக்கு அஞ்சாது என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பரிபாலன சபையில் இருப்பவன் என்ற முறையில் அந்தப் பழமொழியை அடிக்கடி நினைத்துக்கொள்வது எமக்கு நல்லது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் பொறுப்பாளருக்கு இரண்டு கட்டளை இடுகிறது. ஒப்படைத்த சொத்தைத் தன் சொந்தச் சொத்தைப் போலக் கவனமாகப் பார்க்க வேண்டும்; தன் இலாபத்துக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. பார்ப்பதற்கு எனது, பாவிப்பதற்கு எனதல்ல. இதற்குக் கோயிலின் பெயர் தேவையில்லை, கணக்குப் புத்தகம் போதும்.

சேர்க்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. துடக்கு வீட்டார் முப்பத்தொரு நாள் கோயிலுக்கு வருவதில்லை. அது எமது வழக்கம், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்த முப்பத்தொரு நாளில்தான் அவர்களுக்கு ஊர் வேண்டும். அந்தியேட்டிக்கு வருபவர்களை இருத்தச் சிறிய வளவுக்காரர் எங்கே போவார்? போரில் காணாமற்போன பிள்ளைக்காக எதை எந்த நாளில் செய்வது என்று தெரியாமல் இருக்கும் தாய்மார் கூடிப் பேச எங்கே போவார்கள்? எமது அயலிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்கே போகும்? கோயில் வாசல் மூடியிருக்கும் நாளிலும் திறந்திருக்கும் ஓர் இடம் ஊருக்குத் தேவை. மண்டபத்தைக் கோயிலாக்கினால் ஊரில் இரண்டு கோயில் இருக்கும், மண்டபம் இருக்காது.

வாடகையில் எனக்குப் பெரிய பிணக்கில்லை. ஒளிப்பட நிலையம், ஒலிபெருக்கி, பந்தல் என்று இலட்சக்கணக்கில் செலவழிக்கும் கலியாணத்துக்கு வாடகை வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். செத்தவீட்டுக் காரியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வாங்கக்கூடாது. பெயர் சூட்டுவது குறித்து என் கருத்து இது: கொடுப்பவரின் பெயரைச் சுவரில் சிறிய எழுத்தில், தண்ணீர் சுமந்தவர்கள் உட்பட மற்றவர்களின் பெயரோடு, அகர வரிசையில் போடலாம். வாசலுக்கு மேலே போடக்கூடாது. வாசலுக்கு மேல் ஒரு குடும்பத்தின் பெயர் இருந்தால் அக்குடும்பத்தோடு கோபமானவர் உள்ளே வரத் தயங்குவார். கோபதாபம் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? இதனால் அந்த உதவி வராமல் போகலாம் என்று சொல்கிறார்கள். வராமல் போனால் மேல்மாடி இராது. கீழ்மாடி இருக்கும்.

எதிர்வரும் பொதுக்கூட்டத்தில் இவ்விடயங்கள் எடுக்கப்படும். அதற்கு முன் மண்டபத்தின் வரவு செலவுப் புத்தகம் வாசிகசாலை மேசையில் இரண்டு கிழமைக்கு வைக்கப்பட்டிருக்கும். யாரும் புரட்டிப் பார்க்கலாம், பென்சிலால் கேள்வி எழுதலாம், பேனையால் எழுத வேண்டாம். பழைய படங்கள், அழைப்பிதழ்கள், பற்றுச்சீட்டுக்கள் வைத்திருப்போர் பிரதி எடுக்கத் தந்துதவினால் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கப்படும். மண்டபத்துத் தகரம், கதிரை, பாய் எவையேனும் இடப்பெயர்வில் கைமாறியிருந்து இன்னும் தேவைப்படுமாயின் வைத்திருக்கலாம், தேவை தீர்ந்திருந்தால் மண்டபத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம். பெயர் கேட்கப்படமாட்டாது. இன்னொன்று, கலியாணத்துக்குச் சோடிக்க வருபவர்கள் பதினொன்றரை மணிவரை பொறுத்திருக்க வேண்டும். அதுவரை முன்பள்ளிப் பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள்.